அணி மாறிய ராணுவ அதிகாரி: காரணத்தைத் தேடுவது எப்படி?

முப்பது ஆண்டுகள் ஓர் அரசின் சம்பளத்தில் வாழ்ந்து, அதன் சீருடையில் போர்க்களம் கண்டு, அதன் பெயரால் பிறருக்கு உத்தரவிட்டுப் பழகிய ஓர் அதிகாரி, அதே அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் போய்ச் சேர்ந்தால், ஏன் சேர்ந்தார் என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு ஆயத்தப் பதில்கள் உள்ளன. நமக்குப் பிடித்தவர் என்றால் மண்பற்று. பிடிக்காதவர் என்றால் பதவி ஆசை. வரலாற்று மாணவர்களின் கட்டுரைகளில் இந்த இரண்டையும் மாறி மாறிப் படித்துச் சலித்ததன் விளைவே இந்த வழிகாட்டி. எந்தத் தாளை எடுப்பது, எந்த வரிசையில் படிப்பது, எந்த இடத்தில் சந்தேகப்படுவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டாக 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரை, அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்கின் பக்கம் நின்ற அமெரிக்க அரசுக்கும் நடந்த போரை, வைத்துக்கொள்கிறேன்; அந்த அதிகாரிகள் ஓயாமல் கடிதம் எழுதியவர்கள், அவர்கள் காலத்து அலுவலகங்களோ எந்தத் தாளையும் எளிதில் தூக்கி எறியாதவை.

விபீஷணன் செய்தது சரியா, கும்பகர்ணன் செய்தது சரியா என்று பட்டிமன்றம் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல் காதில் விழுந்த உடனே தீர்ப்புச் சொல்ல நாக்கு துடிக்கும். தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். ஆனால் அதே பட்டிமன்றம் நமக்குத் தந்த நல்ல பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டாம்: விலகிப் போன தம்பியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தங்கிவிட்ட தம்பியையும் பக்கத்தில் நிறுத்தியே பேசுகிறோம். இந்த வழிமுறை முழுவதும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

யாரைக் கணக்கில் எடுப்பது

ராணுவத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர், அரசின் பதவி ஆணை பெற்ற அதிகாரி, கிளர்ச்சி தொடங்கும்போது பணியில் இருந்தவர் என்ற மூன்றும் பொருந்துபவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தை ஆராய்பவர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்களை இந்தக் கேள்விக்குள் கொண்டுவர முடியாது. அவர்கள் குடிமக்கள், எந்த மன்னருக்கும் ராணுவ உறுதிமொழி கொடுத்தவர்கள் அல்லர். 1945-இல் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் வருவார்கள், ஏனெனில் அவர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் அதிகாரிகளாக இருந்தவர்கள்.

1861-இன் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் சிறியது. மொத்தம் சுமார் 16,000 பேர்; அவர்களில் அதிகாரிகள் சுமார் 1,100. இந்த அதிகாரிகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்கள் தெற்கே போனார்கள். சிப்பாய்களிலோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே போனார்கள். இதைப் பார்த்ததும் சிப்பாய்கள்தான் உண்மையான விசுவாசிகள் என்று எழுதிவிடாதீர்கள். அதிகாரி ராஜினாமா செய்யலாம். சிப்பாய் ஒப்பந்தக் காலம் முடியும்வரை இருந்தே ஆக வேண்டும், போனால் ஓடிப்போனவன் என்ற குற்றம் வரும். வாசல் திறந்திருந்தவனையும் பூட்டியிருந்தவனையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

கொள்கை விளக்கங்களைப் படிப்பதற்கு முன்னால் ஒரு தாளில் தேதிகளை மட்டும் எழுதிக்கொள்வது நல்லது. ராபர்ட் ஈ. லீயை எடுத்துக்கொள்வோம். 1807-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர், 1829-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தம் வகுப்பில் இரண்டாமவராகத் தேறியவர், பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து மெக்சிகோ போரில் பெயர் வாங்கியவர், பின்னர் அதே கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர்.

1861 மார்ச் 1 அன்று அவர் டெக்சாஸிலிருந்து ஆர்லிங்டன் வீட்டுக்குத் திரும்புகிறார். மார்ச் 30 அன்று, அமெரிக்க அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட கர்னல் பதவி ஆணையை ஏற்றுக்கொள்கிறார். ஏழு தென் மாநிலங்கள் பிரிந்து தென் கூட்டமைப்பு என்ற தனி அரசு அமைத்து, ஜெஃபர்சன் டேவிஸ் அதன் அதிபராகப் பதவியேற்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பதை இந்தத் தேதியின் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 4 அன்று வர்ஜீனியா மாநாடு பிரிவினைத் தீர்மானத்தை நிராகரிக்கிறது. ஏப்ரல் 12 அன்று அமெரிக்க ராணுவத்தின் வசமிருந்த சம்டர் கோட்டையின் மீது தெற்கின் பீரங்கிகள் முழங்குகின்றன. 15 அன்று லிங்கன் கிளர்ச்சியை அடக்க மாநிலங்களிடம் 75,000 வீரர்களைக் கேட்கிறார். 17 அன்று அதே வர்ஜீனியா மாநாடு 88-க்கு 55 என்ற வாக்கில் பிரிந்து போக முடிவெடுக்கிறது. 18 அன்று பிரான்சிஸ் பிரஸ்டன் பிளேர் என்ற முதிய அரசியல்வாதி லீயை அழைத்து, லிங்கன் அரசு திரட்டும் படைக்குத் தலைமை ஏற்கச் சொல்கிறார். லீ மறுக்கிறார். 20 அன்று ராஜினாமா. 23 அன்று வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் அம்மாநிலப் படைகளின் தலைமையை ஏற்கிறார். அந்த ராஜினாமாவை வாஷிங்டன் முறைப்படி ஏற்றது ஏப்ரல் 25 அன்றுதான். பிரிவினையை வர்ஜீனிய வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பில் உறுதி செய்தது மே 23 அன்று.

கர்னல் பதவியை ஏற்ற நாளுக்கும் அதைத் துறந்த நாளுக்கும் இடையே 21 நாட்கள்தான். இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு 54 வயது மனிதரின் அரசியல் தத்துவம் தலைகீழாக மாறியிருக்க வாய்ப்பில்லை, மாறியது நிலைமை. பிரிவினை என்பது புரட்சியே அன்றி வேறில்லை என்று அதே ஆண்டு ஜனவரியில் தம் மகனுக்கு எழுதியவர் அவர். ஆகவே, பிரிவினை உரிமையை நம்பியதால் லீ போனார் என்று எழுதுபவர் இந்தத் தேதித் தாளைப் பார்க்காதவர் என்று துணிந்து சொல்லலாம்.

விலகுவது வேறு, சேருவது வேறு

இந்தத் துறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான் என்பது என் கருத்து. ராஜினாமா ஒரு முடிவு. எதிரணியில் சேருவது இன்னொரு முடிவு. இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு, அந்த இடைவெளியில் வீட்டில் சும்மா உட்கார்ந்துகொள்ளவும் ஒரு மனிதனால் முடியும்.

ஆல்பிரட் மோர்டகாய் அப்படி உட்கார்ந்தவர். வட கரோலினாவில் பிறந்த யூதர். படைக்கலத் துறையில் மேஜர். பீரங்கித் தொழில்நுட்பத்தில் அன்றைய அமெரிக்காவில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. இரு தரப்புக்கும் அவர் தேவைப்பட்டார். 1861 மே மாதம் ராஜினாமா செய்துவிட்டு, எந்தப் பக்கமும் போகாமல், பிலடெல்பியாவில் கணிதம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். அவருடைய மகன் வடக்கின் ராணுவத்திலேயே பணியாற்றினார். மோர்டகாயைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு, லீக்கு வேறு வழியே இருக்கவில்லை என்ற வாக்கியத்தை எழுதக் கை கூசும்.

மறுகோடியில் டேவிட் ட்விக்ஸ் இருக்கிறார். ஜார்ஜியாக்காரர், டெக்சாஸ் ராணுவப் பகுதியின் தளபதி. 1861 பிப்ரவரியில், அமெரிக்கச் சீருடையில் இருந்தபடியே, தம் பொறுப்பில் இருந்த கோட்டைகளையும் தளவாடங்களையும் டெக்சாஸ் மாநிலத்தின் ஆட்களிடம் ஒப்படைத்தார். மார்ச் 1 அன்று அரசு அவரைப் பணிநீக்கம் செய்தது. ஆக, ராஜினாமா செய்து ஒதுங்கியவர், ராஜினாமா செய்து சேர்ந்தவர், பதவியில் இருந்துகொண்டே கைமாற்றிக் கொடுத்தவர் என்று குறைந்தது மூன்று வகையினர் இருக்கிறார்கள். உங்கள் ஆள் எந்த வகை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். லீ இரண்டாம் வகை. அவருடைய இடைவெளி மூன்று நாட்கள்.

அன்றைய கடிதங்களை ஒன்றோடொன்று வைத்துப் படியுங்கள்

ஏப்ரல் 20 என்ற அந்த ஒரே நாளில் லீ எழுதியவற்றில் மூன்று கடிதங்களை மேசைமேல் பக்கம் பக்கமாக வைக்கலாம். போர்த்துறைச் செயலாளருக்கு எழுதியது ஒரே வாக்கியம்: முதலாம் குதிரைப்படைப் பிரிவின் கர்னல் பதவியைத் துறக்கிறேன் என்ற அலுவலக வாசகம், அவ்வளவே. தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்கு எழுதியது நீளம்: தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை எல்லாம் கொடுத்த பணியை விட்டுப் பிரிவதில் ஏற்பட்ட போராட்டம் இல்லாவிட்டால் இதை முன்பே அனுப்பியிருப்பேன் என்கிறார், பிறந்த மாநிலத்தைக் காப்பதற்கன்றி இனி வாளை உருவ விரும்பவில்லை என்று முடிக்கிறார். பால்டிமோரில் இருந்த சகோதரி ஆனுக்கு எழுதியதில் குரல் மாறுகிறது. அந்தச் சகோதரியின் குடும்பம் வடக்கின் பக்கம். அவருடைய மகன் வடக்கின் படையில் சேர்ந்தவர். அவருக்கு எழுதும்போது லீ, இந்த நிலைமைக்கு எந்த அவசியமும் இருந்ததாகத் தமக்குத் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் என் உறவினர், என் பிள்ளைகள், என் வீடு ஆகியவற்றுக்கு எதிராகக் கையோங்க என்னால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள முடியவில்லை என்கிறார்.

அலுவலகத்துக்குக் காரணமே இல்லை, தளபதிக்கு மாநிலம், சகோதரிக்கு உறவினர். ஒருவர் ஒரே நாளில் மூன்று பேருக்கு மூன்று விதமாக எழுதியிருக்கிறார் என்பதால் பொய் சொன்னார் என்று ஆகாது. யாரிடம் எந்தக் காரணம் செல்லும் என்று அவர் அறிந்திருந்தார். கோபித்துக்கொள்ளக்கூடிய நெருங்கிய உறவுக்கு எழுதியது என்பதால் மூன்றாவது கடிதத்துக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். இன்னொருவர் வேறு விதமாகவும் எடை போடலாம், ஆனால் ஏன் என்பதைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும்.

அதே கடிதங்களைப் பின்னால் நடந்தவற்றோடும் ஒப்பிடுங்கள். பிறந்த மாநிலத்தைக் காக்கவே வாள் என்றவர் 1862-இல் மேரிலாந்துக்குள்ளும் 1863-இல் பென்சில்வேனியாவுக்குள்ளும் படை நடத்தினார். வெளியேறிய நாளின் காரணம், தங்கிப் போரிட்ட நான்காண்டுகளுக்கும் காரணமாகாது. இரண்டாவதற்குத் தனி அத்தியாயம் தேவை.

தங்கியவரைத் தேடிப் பிடியுங்கள்

இந்த வேலைக்கு 1855-இல் உருவான இரண்டாம் குதிரைப்படைப் பிரிவைப் போல வசதியான இடம் வேறில்லை. அதன் மேல்நிலை அதிகாரிகள் நால்வர்: கர்னல் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன், லெப்டினன்ட் கர்னல் லீ, மேஜர்கள் வில்லியம் ஹார்டி, ஜார்ஜ் தாமஸ். நால்வரும் தென் மாநிலங்களில் பிறந்தவர்கள், வெஸ்ட் பாயின்டில் படித்தவர்கள், டெக்சாஸ் எல்லையில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். மூவர் தெற்கே போனார்கள். தாமஸ் மட்டும் தங்கினார்.

தாமஸும் வர்ஜீனியாக்காரர், அடிமைகளை வைத்திருந்த குடும்பம். சவுத்தாம்டன் மாவட்டத்தில் 1831-இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது வீட்டைவிட்டு ஓடி உயிர் பிழைத்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பிறந்த மண், வளர்ந்த முறை, படித்த கல்லூரி, பணியாற்றிய படைப்பிரிவு எல்லாம் லீயோடு ஒத்துப்போகின்றன. அப்படியானால் வர்ஜீனியாவில் பிறந்ததால் போனார் என்ற விளக்கம் அந்த இடத்திலேயே படுத்துவிடுகிறது. அமெரிக்க ராணுவ வரலாற்றாசிரியர்கள் எண்ணிக் காட்டியபடி, அன்று வர்ஜீனியாவைச் சேர்ந்த கர்னல்கள் எட்டுப் பேர். ஏழு பேர் தங்கினார்கள், போனவர் லீ ஒருவர். தலைமைத் தளபதி ஸ்காட்டும் வர்ஜீனியாக்காரரே. 74 வயதிலும் அவர் அசையவில்லை.

தாமஸைச் சிலையாக்கிவிடவும் வேண்டாம். 1861 ஜனவரியில், வர்ஜீனிய ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் காலியான ஒரு பதவியைப் பற்றி விசாரித்து அவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய எதிரிகள் பிற்பாடு அதையே எடுத்துக் காட்டினார்கள். மார்ச்சில் வர்ஜீனிய ஆளுநர் தம் மாநிலப் படைக்கலத் துறையின் தலைமையைக் கொடுக்க முன்வந்தபோது மறுத்தார். தடுமாறினாரா, அல்லது முதுகு அடிபட்டிருந்த ஒருவர் வேறு வேலை தேடினாரா என்பதை அந்த இரண்டு கடிதங்களையும் வைத்துத்தான் எடை போட வேண்டும். அவருடைய சகோதரிகள் அவர் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை என்று குறிப்பிட்டே அதை எழுதுங்கள். குடும்பத்தோடு அவருக்கு இருந்த உறவு அறுந்தது என்பது உறுதி.

மாமனார் வீட்டைப் பாருங்கள்

பிறந்த ஊரைக் கேட்கும் அதே மூச்சில் பெண்ணெடுத்த ஊரையும் கேட்க வேண்டும். வடக்கில் பிறந்து தெற்கே போன மூவரைப் பாருங்கள். அமெரிக்க ராணுவத்தின் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்த சாமுவேல் கூப்பர் வடக்கத்தியர். மனைவி வர்ஜீனிய செனட்டர் ஜேம்ஸ் மேசனின் சகோதரி. 1861 மார்ச்சில் ராஜினாமா செய்து, தென் கூட்டமைப்பின் மிக மூத்த ஜெனரலானார். ஜான் பெம்பர்டன் பிலடெல்பியாக்காரர். மனைவி வர்ஜீனியாவின் நார்ஃபோக்கைச் சேர்ந்தவர். அவருடைய இரண்டு தம்பிகள் வடக்கின் படையில் இருந்தபோது, அவர் தெற்கின் தளபதியாக விக்ஸ்பர்க் நகரைக் காத்து, 1863 ஜூலை 4 அன்று சரணடைந்தார். ஜோசையா கோர்காஸ் பென்சில்வேனியாக்காரர். மாமனார் அலபாமாவின் முன்னாள் ஆளுநர். தெற்கின் படைக்கலத் துறையையே கட்டி எழுப்பியவர் கோர்காஸ். தாமஸின் மனைவியோ நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரத்தவர்.

இதுவரை படித்தவர், அப்படியானால் மனைவி எங்கேயோ மனிதன் அங்கே என்று ஒரு விதி எழுதிவிடுவார். பொறுங்கள். ஸ்காட்டின் மனைவி ரிச்மண்டைச் சேர்ந்தவர். ஸ்காட் வடக்கிலேயே இருந்தார். திருமண உறவு முடிவைத் தீர்மானிக்கிறது என்பதைவிட, யாருடைய பேச்சு தினமும் காதில் விழுகிறது, யாருடைய வாசலை இனி மிதிக்க முடியாமல் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று சொல்வது சரியாக இருக்கும். லீயின் தூரத்து உறவினரான சாமுவேல் பிலிப்ஸ் லீ கடற்படை அதிகாரி. வர்ஜீனியாவின் அதே பழைய குடும்பம். அவர் மணந்திருந்தது எலிசபெத் பிளேரை, அதாவது ஏப்ரல் 18 அன்று ராபர்ட் லீயிடம் தலைமைப் பதவியை நீட்டிய அதே பிளேரின் மகளை. வாஷிங்டனில் மாமனாரின் வீட்டை ஒட்டியே அவருடைய வீடும் இருந்தது. அவர் போகவில்லை. ராபர்ட் லீ அந்தத் தெருவில் பேசிவிட்டு ஆற்றைக் கடந்து ஆர்லிங்டனுக்குத் திரும்பினார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது மனைவி வழிவந்த மாளிகையும் வர்ஜீனிய உறவுகளும்.

பணிப்பதிவேட்டைப் புரட்டுங்கள்

பதவி ஆசை என்ற குற்றச்சாட்டை ஊகமாக விட்டுவைக்காமல் கணக்காக்க முடியும். 1861 ஆகஸ்ட் வரை அமெரிக்க ராணுவ அதிகாரிகளுக்கு ஓய்வுபெறும் ஏற்பாடே கிடையாது. மேலே இருப்பவர் இறந்தாலோ விலகினாலோ ஒழிய கீழே இருப்பவருக்கு இடம் திறக்காது. லீ 1838-இல் கேப்டன். நிரந்தரப் பதவியில் அடுத்த படி ஏறி லெப்டினன்ட் கர்னலானது 1855-இல். பணிமூப்புப் பட்டியலைத் தினமும் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதிகாரிகளின் கூட்டம் அது. நம் அரசு அலுவலகங்களில் அந்தப் பட்டியல் சுற்றுக்கு வரும் நாளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தென் கூட்டமைப்பு இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. 1861 மார்ச் 14 அன்று அது இயற்றிய சட்டம், அமெரிக்க ராணுவத்திலிருந்து விலகி வருவோரின் புதிய ஆணைகள் எல்லாம் ஒரே தேதியிட்டு வழங்கப்படும், அவர்களுக்குள் மூப்பு பழைய ராணுவத்தின் மூப்புப்படியே கணக்கிடப்படும் என்றது. விலகுவதற்கு ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. அணி மாறினாலும் பட்டியலில் உன் இடம் போகாது என்பது இதன் பொருள். இப்படிப்பட்ட சட்டங்களைத் தேடுங்கள். தனிமனிதரின் மனத்தைத் துருவுவதைவிட, அந்த மனத்துக்கு என்ன விலை முன்வைக்கப்பட்டது என்பதைக் காட்டுவது எளிது, நம்பகமானதும்கூட. அந்த விலை எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு ஜோசப் ஜான்ஸ்டன் சாட்சி. அமெரிக்க ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்துவிட்டு வந்த அவருக்கு 1861 ஆகஸ்டில் ஜெனரல்கள் பட்டியலில் நான்காம் இடம் கிடைத்தது; கீழ்ப் பதவியிலிருந்து வந்த லீ தமக்கு மேலே இருப்பதைக் கண்டு டேவிஸுக்குக் கோபக் கடிதம் எழுதினார். அந்த மனக்கசப்பு போர் முடிந்த பிறகும் ஆறவில்லை.

லீயின் விஷயத்தில் பதவி ஆசை பொருந்தாது. பெரிய பதவியை அவர் முன் நீட்டியது வடக்கு.

உறுதிமொழியின் வாசகத்தைப் படியுங்கள்

அந்த அதிகாரிகள் எடுத்துக்கொண்ட உறுதிமொழி, அமெரிக்க ஐக்கிய மாநிலங்களுக்கு மெய்யான பற்றுறுதி கொண்டிருப்பேன், அவற்றின் எல்லாப் பகைவருக்கும் எதிராக நேர்மையோடு அவற்றுக்குப் பணியாற்றுவேன் என்று பன்மையில் பேசியது. பணியில் இருக்கும்வரை மட்டுமே இது கட்டும், ராஜினாமாவோடு முடிந்துவிடும் என்று போனவர்கள் வாதிட்டார்கள். தங்கியவர்கள் அப்படி எண்ணவில்லை. இருவரும் சொன்ன சொற்கள் ஒன்றே என்பதால் உறுதிமொழி எதையும் விளக்குவதில்லை. முடிவெடுத்த பிறகு அதை எப்படிச் சமாதானம் செய்துகொண்டார்கள் என்பதைத்தான் விளக்குகிறது.

கடிதத்தில் இல்லாததைத் தேடுங்கள்

ஏப்ரல் 20 கடிதங்களில் அடிமை முறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை வைத்துக்கொண்டு லீயின் முடிவுக்கும் அடிமை முறைக்கும் தொடர்பில்லை என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு. இங்கே கடிதக் கட்டை மூடிவிட்டு, உயில்களையும் சொத்துக் கணக்குகளையும் திறக்க வேண்டும். லீயின் மாமனார் 1857-இல் இறந்தபோது ஆர்லிங்டன் உள்ளிட்ட பண்ணைகளையும், அவற்றில் இருந்த ஏறக்குறைய 190 அடிமைகளையும் விட்டுச் சென்றார். ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்களை விடுவிக்க வேண்டும் என்பது உயிலின் கட்டளை, அதை நிறைவேற்றும் பொறுப்பு லீயினுடையது. மாமனார் வைத்த கடனும் பேத்திகளுக்கு எழுதிவைத்த தொகையும் அடையும்வரை லீ அவர்களிடம் வேலை வாங்கினார். 1859-இல் தப்பியோடிப் பிடிபட்ட வெஸ்லி நாரிஸ், தமக்கும் உடன் வந்தவர்களுக்கும் கிடைத்த சவுக்கடியைப் பற்றி 1866-இல் வாக்குமூலம் வெளியிட்டார். விடுதலைப் பத்திரம் பதிவானது 1862 டிசம்பர் கடைசியில், கெடு முடிந்த பிறகு.

என் உறவினர், என் பிள்ளைகள், என் வீடு என்று சகோதரிக்கு எழுதினாரே, அந்த வீடு எதன்மேல் நின்றது என்பதை இந்தத் தாள்கள் சொல்கின்றன. தாமஸும் அதே முறையில் வளர்ந்தவர்தான் என்பதால், அடிமை முறை மட்டுமே காரணம் என்றும் முடித்துவிட இயலாது. ஆனால் அதை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த விளக்கமும் பாதிக் கணக்குதான்.

எழுதப்பட்ட ஆண்டைக் கவனியுங்கள்

நினைவுக் குறிப்புகளைத் தனிக் கட்டாக வையுங்கள். பிளேரைச் சந்தித்தபோது என்ன சொன்னேன் என்று லீ விளக்கிய கடிதம் 1868-இல், தோல்விக்குப் பிறகு எழுதப்பட்டது. தோற்றவர்கள் தங்கள் முடிவைத் தவிர்க்க முடியாத கடமையாக நினைவுகூர்வதும், வென்ற பக்கம் தங்கியவர்கள் ஒரு கணமும் தயங்கியதில்லை என்று நினைவுகூர்வதும் இயல்பு. வெஸ்ட் பாயின்ட் பட்டதாரிகளின் பணிக் குறிப்புகளைத் தொகுத்த ஜார்ஜ் கல்லம், வடக்கின் ஜெனரல். தெற்கே போனவர்களின் குறிப்பில், அமெரிக்காவுக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்தார் என்று மட்டும் போட்டு அதன் பிறகான போர்ப்பணியை எழுதாமல் விட்டார். பதிவேடும் ஒரு பக்கம் சார்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வேறொரு போரில் வைத்துச் சோதியுங்கள்

இந்தக் கேள்விகள் அமெரிக்காவுக்கு மட்டும்தான் பொருந்துமா என்பதை 1971 கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) வைத்துப் பார்க்கலாம். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்குகிறது. சிட்டகாங்கில், எட்டாவது கிழக்கு வங்கப் படைப்பிரிவின் துணைத் தளபதி மேஜர் ஜியாவுர் ரஹ்மான், ஸ்வாத் என்ற ஆயுதக் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் பணிக்காகத் துறைமுகத்துக்கு அனுப்பப்படுகிறார். வழியில் செய்தி வந்து சேர்கிறது. திரும்பிப் போய்த் தம் மேலதிகாரியைக் கைது செய்கிறார். பிரம்மன்பாரியாவில் மேஜர் ஷஃபாத் ஜமீலும் தம் தளபதியைக் கைது செய்கிறார்.

இங்கே ராஜினாமாக் கடிதத்தைத் தேடிப் பயனில்லை. லீக்கு இரண்டு நாட்கள் கிடைத்தன, இவர்களுக்குச் சில மணி நேரம். வங்காளிச் சிப்பாய்களின் ஆயுதங்கள் பறிக்கப்படுகின்றன, வங்காளிகள் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்திகளுக்கு நடுவே எடுத்த முடிவு இது. எனவே பணிமூப்பு, மாமனார் வீடு ஆகிய கேள்விகளின் எடை குறைகிறது. அந்த இரவில் எந்த ஊரில், எந்தப் படைப்பிரிவோடு இருந்தார் என்பதன் எடை கூடுகிறது. மேற்குப் பாகிஸ்தானில் பணியில் இருந்த வங்காளி அதிகாரிகளில் அபூ தாஹிர், மன்சூர் போன்ற சிலரே அந்த ஜூலையில் எல்லையைத் தாண்டித் தப்பி வந்தார்கள். பெரும்பாலோர் அங்கேயே மாட்டிக்கொண்டு, போருக்குப் பிறகே தாயகம் அனுப்பப்பட்டார்கள். பிற்பாடு வங்கதேச ராணுவத்தில், போரிட்ட அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு மூப்பு கூடுதலாக வழங்கப்பட்டபோது, திரும்பி வந்தவர்கள் மனம் கசந்தார்கள். இவர்களைத் தங்கியவர்கள் என்று எண்ணிவிடாமல், தங்க நேர்ந்தவர்கள் என்று தனி வரிசையில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் அதிகாரியின் கோப்பு போரோடு முடிந்துவிட்டது என்று எண்ணி மூடாதீர்கள். 1865 அக்டோபர் 2 அன்று லீ, அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற பொதுமன்னிப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டார். அந்தத் தாள் 1970-இல்தான் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1975-இல் நாடாளுமன்றம் தீர்மானம் இயற்றி அவருடைய குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் அவர் இறந்து ஏறக்குறைய 105 ஆண்டுகள் ஆகியிருந்தன.